வேனைக் கொடுத்து வாங்கிய கார்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று வழக்கம்போல எழுத வந்தேன். பேனா அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பயப்படாதே, உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், மாத்திரை போடுகிறாள், தூங்குகிறாள். ஆனால் புதுக் கார் வந்த நாளிலிருந்து அவள் வாசலைத் தாண்டவில்லை. அதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பாய். நீ கூப்பிட்டால் போதும், ஸ்பீக்கரில் போடு என்று அம்மா பக்கத்தில் வந்துவிடுகிறாள். அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றி நான் என்ன பேச? போனில் எழுதி அனுப்பலாம் என்று பார்த்தேன். எழுதுவதும் அழிப்பதுமாகவே போயிற்று. காகிதத்தில் எழுதினால் அழித்துவிட்டு ஓட முடியாது. அதனால் ஆர்டர் புத்தகத்தில் நாலைந்து தாளைக் கிழித்து, ஒரு கண்ணாடிக் கடை வாசலில் காரை நிறுத்தி, ஸ்டியரிங் மேல் வைத்து எழுதுகிறேன். கடைக்காரர் சாப்பிடப் போயிருக்கிறார். கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா உன்னிடம் புதுக் காரைப் பற்றி வாய் ஓயாமல் சொன்னாள். சோபாவில் உட்கார்ந்து போகிற மாதிரி இருக்கிறது, அலுங்காமல் குலுங்காமல் போய் வருகிறேன் என்றெல்லாம் சொன்னாள். அத்தனையும் பொய் அக்கா. அவள் அந்தக் காரில் ஒரே ஒரு தடவைதான் உட்கார்ந்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

நம் பழைய வேன் எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேடு வந்தால் இருமும், மழை வந்தால் உள்ளேயும் மழை. டீசலைத் தண்ணீராகக் குடித்தது. அம்மா அதற்கு யானை என்று பேர் வைத்திருந்தாள். இந்த யானைக்குத் தீனி போட்டே நாம் ஓட்டாண்டி ஆகப்போகிறோம் என்பாள். ஆனால் அத்தான் அதன் பின் கதவில் தன் கையாலேயே வெல்டிங் வைத்துச் சாய்பலகை பொருத்திக் கொடுத்தாரே, அதுதான் அம்மாவுக்குக் கால். பலகையை இறக்கிவிட்டால் போதும், பேட்டரி நாற்காலியின் பொத்தானை அழுத்திக்கொண்டு மகாராணி மாதிரி தானே ஏறிவிடுவாள். யார் கையையும் எதிர்பார்க்க மாட்டாள். நாற்காலி நகராமல் இருக்க நான் கொக்கி மட்டும் மாட்டுவேன். அதையும் சரியாக மாட்டினேனா என்று இரண்டு தடவை கேட்பாள்.

வியாழக்கிழமை ஆனால் சீட்டுக் கச்சேரி. தையல் கடையில் அம்மாவோடு வேலை பார்த்த இரண்டு சிநேகிதிகள், அவர்களோடு அம்மா. ஒருத்தியின் வீட்டுக்காரர் படுத்த படுக்கை என்பதால் ஆட்டம் எப்போதும் அந்த வீட்டில்தான். அம்மா கள்ள ஆட்டம் ஆடுவாள் என்பது உலகத்துக்கே தெரியும். திரும்பி வரும்போது வேனில் பின்னால் உட்கார்ந்து, அன்றைக்கு யாரை எப்படி ஏமாற்றினாள் என்று வீடு வரும் வரைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

என் வேலையோ தெரு சுற்றுகிற வேலை. மூக்குக் கண்ணாடி ஃப்ரேம் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். டீசல் விலை ஏற ஏற எனக்கு அந்த வேனைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுச் சின்னக் கார் எடுத்துக்கொள்ளலாம், பெட்ரோலை மோந்து பார்த்தாலே ஓடும் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். அவ்வளவுதான், அதையே பிடித்துக்கொண்டேன். சாப்பிடும்போதும் மைலேஜ் பேச்சு, படுக்கும்போதும் மைலேஜ் பேச்சு. உங்க அப்பாவுக்குக் கார்ப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று என் மனைவி மகளிடம் சொல்லிச் சிரித்தாள்.

ஷோரூமுக்கு அம்மாவையும் வேனிலேயே கூட்டிக்கொண்டு போனோம். நானும் இவளும் மகளும் காரை ஓட்டிப் பார்க்கப் போனபோது அம்மா கண்ணாடிச் சுவர் பக்கத்தில் தன் நாற்காலியிலேயே இருந்தாள். குடிக்க ஜூஸ் கொடுத்திருந்தார்கள். நிறத்தை அவள்தான் தேர்ந்தெடுத்தாள், நீலம். நான் கையோடு டேப் கொண்டு போயிருந்தேன் அக்கா. என் ஃப்ரேம் பெட்டிகள் டிக்கியில் கொள்ளுமா என்று நீளம், அகலம், உயரம் எல்லாம் அளந்தேன். மகளின் கீபோர்டு பின் சீட்டில் குறுக்கே நிற்குமா என்று அளந்தேன். என் அம்மா நாற்காலியோடு எனக்கு நேர் எதிரே இருந்தாள். அந்த நாற்காலி என் கண்ணில் படவே இல்லை.

கார் எடுத்த அன்றைக்கு ஒரு போட்டோ அனுப்பினேனே, அம்மா நடுவில், கையில் பெரிய அட்டைச் சாவி, நாங்கள் சுற்றி நின்று பல்லைக் காட்டுகிறோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நடந்ததைக் கேள். வேனின் சாவியையும் காகிதங்களையும் கொடுத்துக் கையெழுத்துப் போட்டாயிற்று. சேல்ஸ்மேன் காரின் முன் கதவைத் திறந்து, அம்மா ஏறலாமே என்றார். நானும் இவளும் தோளில் கை கொடுத்து அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தோம். நான் துள்ளிக்கொண்டு போய் டிக்கியைத் திறந்தேன். திரும்பினால், நடுவில் நாற்காலி நிற்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மடக்கலாமா சார் என்று சேல்ஸ்மேன் கேட்டார். மடங்காது என்றேன். உள்ளேயிருந்து இரண்டு மெக்கானிக்குகளைக் கூப்பிட்டார்கள். மூச்சுப் பிடித்துத் தூக்கி, டிக்கியில் வைத்துப் பார்த்தார்கள். பாதிகூடப் போகவில்லை. பின் கதவைத் திறந்து படுக்க வைத்துப் பார்த்தார்கள். சக்கரம் கதவில் உரசியது. அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பார்த்துங்க, பார்த்துங்க, கீறல் விழுந்துடும்!" என்று கத்தினேன். காரைச் சொன்னேன் அக்கா, நாற்காலியைச் சொல்லவில்லை. முன் சீட்டில் அம்மா இருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் இருந்த அட்டைச் சாவியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் அந்த நேரத்தில் நல்லதாக இருந்திருக்கும்.

கடைசியில் அவர்களே வேனில் நாற்காலியை ஏற்றி ஓர் ஓட்டுநரோடு அனுப்பினார்கள். நாங்கள் புதுக் காரில் முன்னால், நாற்காலி வேனில் பின்னால். அம்மா வழி முழுக்கப் பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். நம் வீட்டு வாசலில் அந்த ஓட்டுநர் பலகையை இறக்கி, நாற்காலியை உருட்டி விட்டுவிட்டு, பலகையை மடித்துக்கொண்டு போய்விட்டார். "கார் ரொம்ப நல்லா இருக்குடா, சத்தமே இல்ல" என்றாள் அம்மா. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சாவியைக் கொண்டுபோய் மாட்டினேன்.

அந்த வியாழக்கிழமை, கிளம்பும் நேரத்துக்கு முன்பே அம்மா தானாகச் சொன்னாள், சீட்டு அலுத்துப்போச்சு, எத்தனை வருஷம்தான் அதையே ஆடுவது என்று. சிநேகிதி போன் செய்தபோது, பையனுக்கு வேலை ஜாஸ்தி, பாவம், அலைய வைக்கக்கூடாது என்றாள். என் குற்றத்தை மறைக்க என்னையே நல்லவனாக்கிப் பேசுகிறாள். நான் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டு நின்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சும்மாவும் இருக்கவில்லை. மடக்கும் நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தேன். அம்மா ஹாலில் அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பதை இவள்தான் பார்த்தாள். அம்மாவின் முதுகுக்கு உயரமான சாய்மானம் இல்லாமல் முடியாது என்று டாக்டர் எப்போதோ சொன்னதுதான். திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு இவள் என்னைப் பிடிபிடி என்று பிடித்தாள். "ஊருக்கெல்லாம் கண்ணாடி விக்கிறீங்க, உங்க கண்ணுல அந்த நாற்காலி படலையா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, என் கண்ணிலும்தான் படவில்லை என்று அடுக்களையில் போய் அழுதாள்.

வேனைத் திரும்ப வாங்கலாம் என்று ஷோரூமுக்கு ஓடினேன். விற்றுவிட்டார்கள். விலாசம் வாங்கிப் போய்ப் பார்த்தேன். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கிற ஒருவர் வாங்கியிருக்கிறார். கெஞ்சிக் கேட்டேன். அவர் நல்ல மனுஷர்தான், உட்கார வைத்து டீ கொடுத்தார். ஆனால், அந்தப் பலகைக்காகத்தானே சார் அந்த ஓட்டை வண்டியை வாங்கினேன் என்று சிரித்தார். அத்தானிடம் இதை எப்படிச் சொல்வாய் என்று தெரியவில்லை. அவர் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால்கூடத் தேவலை.

இனிமேல் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். ஒரு நாள் காலையில் அம்மா அருகில் தரையில் உட்கார்ந்து, மறந்துபோய்விட்டேன் அம்மா, மன்னித்துவிடு என்று கேட்டேன். அப்போதுதான் அவள் சொல்லித் தெரிந்தது, முதல் தடவை ஷோரூமுக்குப் போனபோதே, நாங்கள் காரை ஓட்டப் போயிருந்த நேரத்தில், இந்த நாற்காலி அதில் ஏறுமா என்று அவள் சேல்ஸ்மேனிடம் கேட்டிருக்கிறாள். ஏறாது என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆக, நீலம் நல்லா இருக்குடா என்று அவள் சொன்னபோதே அவளுக்கு எல்லாம் தெரியும். ஏம்மா சொல்லல என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீ யோசிச்சுத்தான் செய்யறேன்னு நெனச்சேன்டா. வயசாயிடுச்சு, இனிமே எதுக்கு ஊர் சுத்தணும்னு உனக்குத் தோணியிருக்கும். அதை வாய் திறந்து சொல்ல உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு நானும் வாயைத் திறக்கல."

அய்யோ இல்லம்மா, அப்படி நினைக்கவே இல்லை, சத்தியமாக மறந்துதான் போனேன் என்று பதறினேன். அதைக் கேட்டால் அவள் மனசு ஆறும் என்று எண்ணினேன். அம்மா என்னைப் பார்த்து, "மறந்துட்டியா" என்றாள். நான் யோசித்து முடிவெடுத்தேன் என்று நம்பிக்கொண்டிருந்த வரைக்கும் அவள் தெம்பாகவே இருந்தாள் அக்கா. மறந்தேன் என்று தெரிந்த பிறகுதான் முகம் விழுந்துவிட்டது. முடிவெடுப்பதற்காகவாவது அவளை நினைத்திருக்க வேண்டுமே.

அதிலிருந்து அம்மா என்னை அதட்டுவதில்லை. உனக்கு முடிந்தால், உனக்குச் சிரமம் இல்லை என்றால் என்று ஆரம்பித்துத்தான் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்கிறாள். விருந்தாளி மாதிரி பேசுகிறாள். காரை விற்க ஏற்பாடு செய்திருக்கிறேன். நஷ்டம்தான், அதைப் பற்றி உனக்கு எழுதப் போவதில்லை. பலகை வைக்கிற மாதிரி பழைய வேன் ஒன்றுக்கு இரண்டு மூன்று இடத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். எந்த ஓட்டை வண்டியானாலும் சரி, எவ்வளவு டீசல் குடித்தாலும் சரி. ஆனால் அது கையில் வரக் கொஞ்ச நாள் ஆகும்.

அதற்குள் நேற்று என்ன ஆயிற்று என்றால், அம்மா துணி மடித்துக்கொண்டே, ஏதோ கீரை விலை விசாரிக்கிற மாதிரி, "அக்கா வீட்டு வாசல்ல எத்தனை படிடா?" என்று கேட்டாள். மடித்த துணிகளை அவள் அலமாரியில் வைக்கவில்லை, கட்டிலிலேயே அடுக்கி வைத்திருந்தாள்.

அம்மா வந்து தங்கட்டும் என்று அத்தான் உன் வீட்டு வாசற்படியை உடைத்துச் சரிவாகச் சிமெண்ட் போட்டிருக்கிறாரே, அந்தப் படத்தைப் போன மாதம் நீ எனக்கு அனுப்பி, அம்மாவிடம் காட்டச் சொன்னாய். நான் காட்டவில்லை. மறந்துபோனேன் என்று இதற்கும் சொல்லலாம். இதை மறக்கவில்லை அக்கா. பார்த்தால் கிளம்பிவிடுவாளோ என்று பயந்தேன். நேற்று அவள் கேட்டதும், "நாலு படிம்மா, உசரமான படி" என்று சொல்லிவிட்டேன். அப்படியா, நாலு படி தூக்கச் சொல்லி அவர்களை ஏன் கஷ்டப்படுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுத் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் வந்துவிட்டார், முடிக்கிறேன். அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல், பிள்ளைகளுக்கு என் அன்பு. நீ என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டிக்கொள், எனக்கு அது வேண்டும். ஆனால் அம்மா உன்னிடமும் கேட்பாள். நான் அவளை ஒரு வியாழக்கிழமையாவது கூட்டிக்கொண்டு போய் வரும் வரைக்கும், அவள் கேட்டால் நாலு படி என்று சொல்லிவிடு அக்கா.

இப்படிக்கு,
உன் முகத்தில் விழிக்க வெட்கப்படும்
தம்பி