ஒன்பதில் ஒரு துண்டு இல்லை

அக். 12, ஞாயிறு. தூறல்.
இன்று அப்பாவிடம் சொல்லாதது: அவருடைய சிறுநீர்ப் பரிசோதனை முடிவு நேற்றே வந்துவிட்டது. பாசிட்டிவ். சிறுநீரில் வந்த செல்களில் மூன்று, ஏழு, பதினேழாம் குரோமோசோம்கள் கூடுதல். ஒன்பதில் ஒரு துண்டு இல்லை. கேட்டதற்கு, இன்னும் வரவில்லை என்றேன். அம்மாவுக்கும் தெரியாது. துணி காயவில்லை.

அக். 13, திங்கள்.
பஸ்ஸில் நின்றபடியே படித்தேன். இந்தப் புற்று பரம்பரையாக வருவதில்லையாம். மூத்திரப்பையின் உள்தோலில், வருடக்கணக்கில், மெதுவாக. ஒன்பது முதலில் போகும். பதினேழு கூடுவது பிற்பாடு, நோய் முற்றும்போது. முதல் துண்டு போனது எந்த நாள்? நான் மூன்றாம் வகுப்பில் இருந்திருக்கலாம். அன்றும் அப்பா பட்டறையிலிருந்து முழங்கை வரை சாய நீலமாக வீடு வந்திருப்பார். ஒன்றும் வலித்திருக்காது.
பரம்பரை இல்லை என்றதும் ஒரு நிம்மதி. உடனே வெட்கம்.
வாங்க: பால், அப்பா மாத்திரை, நாப்கின்.

அக். 14, செவ்வாய். வெயில்.
வியாழன் கோவையில் ஸ்கோப், பைக்குள் குழாய் விட்டுப் பார்க்க. கட்டியைச் சுரண்டி எடுத்து மூன்று மாதம். அப்பா வரமாட்டாராம். முப்பது வருடம் சாயப்பட்டறை. துணியை அலசி, வடியும் தண்ணீர் தெளிந்துவிட்டால் வேலை முடிந்தது. அதையே உடம்புக்கும் வைத்திருக்கிறார். தை மாதம் மூத்திரத்தில் ரத்தம் போனபோதும் அப்படித்தான்: இரண்டு நாள் சிவப்பு, பிறகு தெளிவு. ஐந்து மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. என்ன நிறம் என்று டாக்டர் கேட்டதற்கு, "மெரூன் இல்லீங்க சார், அதுக்கு ரெண்டு சேடு கம்மி." நர்ஸ் சிரித்துவிட்டாள்.
இன்று: "தண்ணி தெளிஞ்சிருச்சு கண்ணு. தீவாளி கழியட்டும், ஆர்டர் நிக்குது." அம்மாவும் அவர் பக்கம். தலைவலி.

அக். 15, புதன்.
சொல்லிவிட்டேன். இட்லித் தட்டு முன்னால். தப்பான நேரம். ரிப்போர்ட்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது.
"தெளிவாத்தான போகுது?"
"போகுதுங்கப்பா. அதுல வர்ற செல்லு மாறிருக்குது. எத்தன அலசுனாலும் போகாதுங்க."
"பழையபடி திருப்பிக் கொண்டுவர முடியாதா?"
"முடியாதுங்க. எடுக்கத்தான் முடியும்."
அம்மா சட்னிக் கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்பா கை கழுவிவிட்டு, எத்தனை மணிக்கு பஸ் என்றார்.

அக். 16, வியாழன்.
ஸ்கோப் முடிந்தது. இடப்பக்கம் புதிதாக ஒரு கட்டி. சோதனைக்குத் துணுக்கு எடுத்திருக்கிறார்கள். திரும்பும் வழியெல்லாம் போனில் ஷிப்டுக்கு ஆள் மாற்றிக்கொண்டே வந்தார்.

நவ. 14, வெள்ளி.
துணுக்குச் சோதனையில், புற்று பையின் சதை வரை இறங்கியிருந்தது. இன்று மூத்திரப்பையை எடுத்துவிட்டார்கள்.