மாற்றுப் போர்வை

தங்கைக்கு,

நேற்று கால்வே நகர ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்தேன். ஆபரேஷன் செய்த இடுப்பு பரவாயில்லை. மழைதான் நான் போன நாளிலிருந்து விடவே இல்லையாம்.

ஊன்றுகோலோடு முதலில் என் குதிரை ரோஷீனைப் பார்க்கத்தான் போனேன். கேட்டருகே முழங்கால் அளவு சேற்றில் நின்றபடி என்னைப் பார்த்துக் கனைத்தாள். முதுகுப் போர்வை நனைந்து கனத்துத் தொங்கியது. பக்கத்து வீட்டு ஃபின்டன்தான் கழற்றிக் கொடுத்தார். இரண்டு தோளிலும் முடி உதிர்ந்து, தோல் ஊறிப் புண்ணாகியிருந்தது.

"மூணு வாரமா இதைக் கழட்டவே இல்ல போலிருக்கே! உன் தங்கச்சி புல்லுக்கட்டை வேலிக்கு மேல வீசிட்டு காரைத் திருப்பிடுவா. உள்ள இறங்கி நான் பார்த்ததே இல்ல" என்றார்.

நனைந்ததைக் கழற்றி, துடைத்து, காய்ந்ததைப் போர்த்து என்று ஒரே ஒரு வேலைதானே சொன்னேன்? தினமும் போன் செய்தாயே! "மாத்திட்டேன்க்கா, மகாராணி மாதிரி நிக்கிறா, நீ நிம்மதியாத் தூங்கு" என்பாய். நானும் தூங்கினேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

கொட்டகையில் மாற்றுப் போர்வை நான் மடித்து வைத்தபடியே காய்ந்து கிடந்தது. முதல் நாளே உன் கையில் கிடைக்கட்டும் என்று அதன் மடிப்புக்குள் உனக்கொரு கடிதம் வைத்திருந்தேன். உறை பிரிக்கப்படவே இல்லை.

இத்துடன் அனுப்புகிறேன், படித்துக்கொள். ரோஷீனை உன்னிடம் விட்டுப் போவதில் எனக்கு ஒரு கவலையும் இல்லை என்று எழுதியிருக்கிறேன்.

அக்கா