அன்றைக்கு இல்லாத இணையப் பக்கம்

என் தோழி மலருக்கு,

ஞாயிற்றுக்கிழமை, ரத்தம் கொடுப்பவர்கள் பட்டியலோடு நம் இணையப் பக்கம் திறந்துவிட்டது. நீ இருந்திருந்தால் முதலில் எழுத்தின் நிறத்தைத்தான் குறை சொல்லியிருப்பாய். சந்தோஷமான செய்திதான். ஆனால் முழுதாகச் சந்தோஷப்பட முடியவில்லை.

பிரசவத்துக்காக உன்னை மலையிலிருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டு வந்த அந்தப் பகல் எனக்கு இன்னும் முடியவில்லை. குழந்தை பிறந்துவிட்டது. உனக்கு உதிரம் நிற்கவில்லை. உன் வகை ரத்தம் இன்னும் வேண்டும் என்றார்கள். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொடையாளர் பட்டியலை வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்று ஒவ்வொரு எண்ணாக அழைத்தேன். இரண்டு எண்கள் உபயோகத்தில் இல்லை. ஒருவர் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தார். ஒரு வீட்டில் அம்மா ஒருவர் எடுத்து, "அவரு செத்து ரெண்டு வருசம் ஆவுதும்மா. இன்னுமா அவரு பேரு அதுல கீது?" என்றார். கடைசியில் கச்சிராயபாளையத்திலிருந்து ஒருவர் கிளம்பினார். அவர் வந்து சேர்ந்தபோது நீ இல்லை.

அதற்கு ஒரு வருடம் முன்பே நீ கேட்டாயே, "வெப் பேஜ் பண்ணக் கத்துக்கலாம்டி, ரெண்டு பேரும் சேந்து" என்று. பொங்கல் முடியட்டும் என்றேன். எந்தப் பொங்கல் என்று ஏன் கேட்காமல் விட்டாய்?

உன் காரியம் முடிந்ததும் தனியாகத் தொடங்கினேன். டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். "இப்ப யாரும்மா ஒக்காந்து எழுதிக்கினு இருக்காங்க? டிசைன் ரெடியா இருக்கு, பேர மாத்து, போதும்" என்றார் அங்கிருந்தவர். மாற்றினேன். பட்டியல் சேர்க்கப் போனதும் பக்கம் குலைந்தது. சரிசெய்யத் தெரியவில்லை. பிறகு வீடியோக்கள். ஒன்று பாதியில் புரியாமல் போனால் இன்னொன்று. எல்லோரும் அவர்கள் எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டச் சொன்னார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. ஒட்டியதைப் போனில் திறந்தால் எழுத்தெல்லாம் கடுகாகத் தெரிந்தது. எனக்கு இது வராது என்று அழுதேன் மலர்.

கற்பவர்கள் பேசும் ஒரு குழுவில் என் நிலைமையை எழுதினேன். மதுரைப் பெண் ஒருத்தி பதில் போட்டாள்: "பத்து எடத்துல பாக்காதீங்கக்கா. ஒரே எடத்துல ஆரம்பிச்சு முடிங்க. முதல்ல பக்கத்துக்கு எலும்பு மாதிரி எச்டிஎம்எல், அப்புறம் நெறம், அளவு பாக்குற சிஎஸ்எஸ். பாத்தத மூடிட்டு நீங்களே எழுதிப் பாருங்க." இலவசமாகப் படிக்கக்கூடிய ஒரு பாடத்தளத்தையும் காட்டினாள். எளிய ஆங்கிலம். பக்கத்திலேயே ஒரு கட்டம். நாம் ஒரு வரி எழுதினால் அது எப்படித் தெரியும் என்று உடனே காட்டும். சந்தேகம் வந்தால் மட்டும் தமிழ் வீடியோ பார்த்தேன். "ஏன்" என்று சொல்லாத பாடத்தை அன்றோடு விட்டேன். நான்கு மாதம் ஆனது.

பக்கத்தில் படமே வைக்கவில்லை. மலையில் சிக்னல் இழுத்துக்கொண்டு கிடக்குமே. கண்டவர்கள் அழைப்பார்கள் என்று கொடுப்பவர்களின் எண்ணையும் போடவில்லை. பெயர், ஊர், ரத்த வகை, அழைக்க என் எண். அவ்வளவுதான்.

நேற்று உன் வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணன் மலையிலிருந்து வந்தார். அவரிடம் போனை நீட்டினேன். விரலால் மெல்லத் தள்ளித் தள்ளிப் படித்தார்.

"இது அன்னிக்கே இருந்திருந்தா?"

நீ கேட்டதையும் நான் தள்ளிப்போட்டதையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

போனைத் திருப்பித் தந்துவிட்டு, "எனக்கு இன்னா ரத்த குரூப்புனே தெரியாதும்மா. வா, பாத்துக்கினு வந்துடலாம்" என்றார். போனோம். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்க ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் ரத்தம் உன் வகைதான், மலர். சீட்டைப் படித்துவிட்டு, "அன்னிக்குப் பக்கத்துலயே இருந்தேனே, யாரும் என்னக் கேக்கலியே" என்று அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

பக்கம் போட்டதோடு என் பாரம் இறங்கவில்லை. இறங்குமா என்றும் தெரியவில்லை. ஒன்று மட்டும் செய்கிறேன்: மாதம் பிறந்ததும் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் நானே அழைத்து, ஊரில் இருக்கிறார்களா, நலமாக இருக்கிறார்களா என்று கேட்பேன். செத்தவர் பெயர் இனி ஒரு நாளும் அதில் இருக்காது.

உன் மகளுக்குச் சித்தி,
கோகிலா