வண்டி கெட்டுப்போகவில்லை, அக்கா

என் பாசத்துக்குரிய லூர்து அக்காவுக்கு,

நீ போய் ஐந்து வருடம் ஆகிறது. இத்தனை நாளும் மனதுக்குள் உன்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அதிலும் ஒன்றை ஒளித்தே பேசினேன். இன்று ஒளிக்காமல் எழுதுகிறேன். ஊரும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மகள் ஜெனிபர் கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியில் ரிசப்ஷனில் இருக்கிறாள். இங்கிலீஷ் நன்றாகப் பேசுகிறாள். அத்தான் கேரட் போடுவதை விட்டுவிட்டார். காட்டெருமை இறங்கி மேய்ந்துவிடுகிறது என்கிறார், மனசும் விட்டுப்போய்விட்டது. பூண்டு மட்டும் போடுகிறார். நான் குடிப்பதில்லை. பதினாலு மாதம் ஆகிறது.

இதையே முன்பும் ஒருமுறை உன்னிடம் சொல்லியிருக்கிறேன். நீ நம்பினாய்.

தவக்காலத் தியானத்தின் கடைசி நாளில், குடியை விட நினைப்பவர்கள் முன்னால் வரலாம் என்று ஃபாதர் அழைத்தபோது, என் முழங்கையைப் பிடித்துத் தள்ளியது நீதான். பைபிள் மேல் கைவைத்து, ஒரு வருடம் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். நீ மெழுகுவர்த்தியோடு பக்கத்தில் நின்றாய். கோயிலை விட்டு வெளியே வந்ததும் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "எந்தம்பி விட்டுட்டான், மாதா கண்ணத் தொறந்துட்டா" என்று சொன்னாய். உன் முகம் அன்று இருந்ததுபோல் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பதினேழு நாள் தாங்கினேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் என் ஜீப்பிலிருந்து மூட்டைகளை இறக்கிவிட்டு லாரிக்காரர்களோடு சாப்பிட உட்கார்ந்த இடத்தில் மறுபடி ஆரம்பித்தது. அதுவரை ஊர் பார்க்கக் குடித்தவன் ஒளிந்து குடிக்கப் பழகினேன். ஏலக்காய் மென்றுகொண்டு ஞாயிறு தவறாமல் பூசைக்கு வந்தேன். உனக்குப் பின்னால் வரிசையில் நின்று, குடித்த வாயில் நற்கருணை அப்பம் வாங்கினேன்.

நீ போன அன்று காலை பத்து மணி இருக்கும். மழை விட்டிருந்தது. ஜெனிபருக்கு அப்போது பதினேழு வயது. மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"மாமா, அம்மா நெஞ்சப் புடிச்சுக்கிட்டு காட்டுல விழுந்து கெடக்கு. வெரசா ஜீப்ப எடுங்க."

நான் விடிந்ததிலிருந்தே குடித்திருந்தேன். எழுந்திருக்கவே முடியவில்லை என்றால்கூட எனக்கு ஒரு சமாதானம் இருந்திருக்கும். எழுந்து வாசல் வரை வந்தேன். இந்த நிலைமையில் மலை ரோட்டில் ஓட்டக்கூடாது என்று புரிகிற அளவுக்குத் தெளிவும் இருந்தது. பக்கத்து வீட்டு சேகர் எஸ்டேட்டில் டிரைவர். அன்று லீவில் வீட்டில்தான் இருந்தான். சாவியை அவன் கையில் கொடுத்திருந்தால் போதும். கொடுத்தால், "நீ ஏன் ஓட்டல?" என்று என்னைக் கேட்பான். சத்தியத்தை மீறியது ஊருக்குத் தெரிந்துபோகும். உனக்குத் தெரிந்துபோகும்.

"வண்டி கெட்டுப்போச்சும்மா. பேட்டரி செத்துக் கெடக்கு" என்றேன்.

ஒரு நொடி என்னைப் பார்த்தாள். திரும்பி ஓடினாள்.

ஊரில் மற்ற வண்டிகளெல்லாம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தன. உன்னைப் போர்வையில் வைத்து ரோட்டுக்குத் தூக்கிப்போய், பால் வேன் வர முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் நீ போய்விட்டாய். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். வழியில் நீ பேசியதை அடக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அத்தான் சொல்லிச் சொல்லி அழுதார். "தம்பிய வையாதீங்க. வண்டி மக்கர் பண்ணா அவன் என்ன செய்வான்."

உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அதைக் கேட்டேன். அன்று சாயங்காலம் அதே ஜீப்பில் நான் ஆஸ்பத்திரிக்கு வந்தது எப்படி என்று கேட்டவர்களிடம், பேட்டரி மாற்றினேன் என்று சொன்னேன். உன் அடக்கப் பூசையிலும் நற்கருணை வாங்கினேன்.

அடுத்த வாரம் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சத்தியத்தை மீறிக் குடித்தேன் சாமி, என்றேன். வண்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை. சொல்லச் சொன்ன ஜெபமாலையைச் சொல்லி முடித்தேன். பாரம் குறைந்ததுபோல் இருந்தது. அன்றைக்கே குடித்தேன். அப்படியே நாலு வருடம். ஈரல் வீங்கிப் படுத்தேன், ஜீப்பைப் பெரும்பாறைப் பக்கம் ஒரு வளைவில் கவிழ்த்தேன். எனக்கென்று பெண்டாட்டி பிள்ளை இல்லை. கெடுப்பதற்கு வேறு ஆள் இல்லாமல் போனது ஒன்றுதான் நல்லது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஃபாதர் என்னைக் கொடைக்கானல் கூட்டத்துக்கு அனுப்பினார். குடியை விட்டவர்கள் கூடுகிற பன்னிரண்டு படிக் கூட்டம். கோயிலுக்குப் பின்னால், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கிற அறையில் நடக்கும். எங்கள் குடியை எங்களால் அடக்க முடியாது, கடவுள்தான் தூக்கிவிட வேண்டும் என்று ஒப்புக்கொள்வதில் அது தொடங்குகிறது. எந்தக் கடவுள் என்பது அவரவர் பாடு. எனக்குத் துணையாக நின்றவர் பஜாரில் சாக்லேட் கடை வைத்திருக்கும் காதர் பாய். என் வயதுதான். குடியை விட்டு ஒன்பது வருடம் ஆனவர்.

பூசையும் பாவசங்கீர்த்தனமும் பத்தாதா என்று நீ கேட்பாய். நானும் அவரிடம் கேட்டேன்.

"அது போதும்னா நீங்க ஏன் பாய் கடையில வந்து உக்காந்திருக்கீங்க?" என்றார். "நா பள்ளிவாசலுக்குப் போறத விடல. நீங்களும் கோயில விட வேணாம். அங்க எத முழுங்கிட்டு வந்தீங்களோ அத இங்க சொல்லுங்க."

நாலாவது படியில் செய்த தப்பையெல்லாம் எழுத வேண்டும். ஐந்தாவது படியில் அதைக் கடவுளிடமும் இன்னொரு மனிதரிடமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு காலை, அவர் கடை திறக்கும் முன், அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்து என் நோட்டை வாசித்தேன். அக்கா செத்த அன்று வண்டி கெட்டுக் கிடந்தது, சாயங்காலம்தான் அதில் ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்று அதிலும் எழுதியிருந்தேன்.

"அதே வண்டியிலயா?" என்றார் பாய்.

"பேட்டரி மாத்தினேன்."

"எந்தக் கடையில?"

எனக்குக் கடைப் பெயர் ஒன்றுகூட வாயில் வரவில்லை. வெளியே யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். அவர் எழுந்து போகவில்லை. காத்திருந்தார். நாலு வருடத்தில் முதல்தடவையாக அப்போதுதான் சொன்னேன்.

அன்றே ஃபாதரிடம் போய், முன்பு விட்ட மீதியையும் சேர்த்துப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கேட்டு முடித்துப் பாவமன்னிப்புக் கொடுத்தார். பிறகு, "ஆண்டவர் மன்னிச்சிட்டார். ஆனா என்னோட நிறுத்திராதீங்க. யாருக்குச் செஞ்சீங்களோ அவங்ககிட்ட போகணும்" என்றார். ஒன்பதாவது படியும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் போவதால் அவர்களுக்கு மேலும் காயம் வரும் என்றால் போகக்கூடாது என்றும் சொல்கிறது. ஜெனிபர் எதுவும் தெரியாமல் நிம்மதியாக இருக்கிறாளே, நான் போய் ஏன் கிளற வேண்டும்? பல மாதம் இதைச் சொல்லியே தள்ளிப்போட்டேன்.

போன மாதம் போனேன். விடுதிக்குப் பின்னால், விரிப்புகள் காய்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சொன்னேன்.

"தெரியும் மாமா" என்றாள். "அன்னிக்கே வாசல்ல வாடை அடிச்சுச்சு. சாவி உங்க கையிலதான் இருந்துச்சு. புடுங்கிட்டுப் போய் சேகர் அண்ணனக் கூப்பிட்டிருக்கணும். அம்மாவுக்கு உங்க விசயம் தெரிஞ்சா தாங்காதேன்னு ஓடிட்டேன். அஞ்சு வருசமா நாந்தான் அம்மாவக் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

மன்னிப்புக் கேட்க வார்த்தைகளை எழுதிப் பையில் வைத்திருந்தேன் அக்கா. எடுக்கவில்லை. உன்னைத்தான் இழந்தோம் என்று நினைத்திருந்தேன். உன் பிள்ளை ஐந்து வருடமாக என் பாவத்தைத் தன்னுடையதென்று சுமந்திருக்கிறாள். அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை.

"நீ பண்ணலம்மா. நாந்தான்" என்றேன்.

"அத எங்கிட்ட மட்டும் சொல்லாதீங்க. ஊரு முன்னாடி பொய் சொன்னீங்க, ஊரு முன்னாடியே மாத்திச் சொல்லுங்க. அப்பாட்டயும் நீங்களே போய்ச் சொல்லணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மன்னிச்சிட்டியான்னு மட்டும் கேக்காதீங்க."

அத்தான் பூண்டுத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். அடிப்பார் என்று நின்றேன். அடித்திருக்கலாம். அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, "அவ கடைசியா உனக்காகத்தான் பேசுனா" என்றார். பிறகு, "கல்லறைத் திருநாளுக்கு நீ அங்க வரக்கூடாது. நா கூப்பிடுற வரைக்கும் வராத" என்றார். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று குடிக்கத் தோன்றியது. பஸ் ஏறி பாய் கடைக்குப் போய், கடை சாத்தும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இதை நம் கோயிலின் பங்கு இதழுக்குக் கொடுத்திருக்கிறேன். ஊரார் அறிய எழுதுகிறேன்: லூர்து மேரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி இருந்தது, ஓட்ட ஆளும் இருந்தான். தடுத்தது நான். ஜெனிபர் மேல் ஒரு தப்பும் இல்லை.

உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காகத் தினமும் வேண்டும்போது உன் பெயரைச் சொல்கிறேன். பாவக்கடன் தீர்க்கிற அந்த இடத்தில் நீ இருப்பாய் என்று தோன்றவில்லை, மோட்சத்தில்தான் இருப்பாய். நீ இருக்கிற இடத்தில் எல்லாம் தெரியும் என்கிறார்களே. தெரிந்த பிறகும் என்னை வையாதே என்று சொல்வாயா? சொல்ல வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையில்லை.

அத்தான் கூப்பிடும்வரை உன் கல்லறைக்கு வரமாட்டேன். கூப்பிடாமலே என் காலம் முடிந்தாலும் அவரைக் குறை சொல்லமாட்டேன். அன்று என்ன நடந்தது என்று யார் கேட்டாலும் இதில் உள்ளபடியே சொல்வேன். வாழ்நாளுக்கு என்று இன்னொரு சத்தியம் செய்யமாட்டேன் அக்கா, அதற்கு என்ன மதிப்பு என்று உனக்குத் தெரியும். இன்றைக்குக் குடிக்கமாட்டேன். நாளைக்கு விடிந்ததும் மறுபடி உன்னிடம் இதையே சொல்வேன்.

உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாத உன் தம்பி,
ஆரோக்கியம்