தைத்து வைத்த கடைசி அத்தியாயம்

இன்று காலை கடையில் நூல்கண்டுப் பெட்டியைத் துடைக்கும்போது அந்த நாவல் கையில் வந்தது, அக்கா. அட்டையில் மெஷின் எண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. கடைசிப் பக்கங்களைச் சேர்த்து நீங்கள் போட்ட சிவப்பு நூல் தையலும் பிரியாமல் அப்படியே இருக்கிறது.

முடிவை முதலில் புரட்டிப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு. ஒருமுறை கொலைகாரன் யாரென்று பாதிக் கதையிலேயே உளறிவிட்டேன். இரண்டு நாள் நீங்கள் என்னோடு பேசவில்லை. அதன்பிறகு புது நாவல் வந்தால் தைக்கக் கிடக்கும் ஜாக்கெட்டுகளை ஒதுக்கிவிட்டு, முதல் வேலையாகக் கடைசி அத்தியாயத்தைத் தைத்துவிடுவீர்கள். "நாஞ் சொல்றப்பதான் கத்திரி எடுக்கணும், ஆமா!"

மதியச் சாப்பாடு முடிந்ததும் நான் வாசிப்பேன். நீங்கள் ஹூக் வைத்தபடி கேட்பீர்கள். இண்டூர் வெயிலில் தகரக்கூரை கொதிக்கும். கதையில் பனி மூடிய மலை பங்களா, பூட்டிய அறைகள், மாடிப்படியில் காலடிச் சத்தம். "இருவது ரூமா! நம்ம வூட்ல மாட்டுக் கொட்டாயோட சேத்தாலும் மூணுதான்டி" என்று சிரிப்பீர்கள்.

இந்தக் கதைகளில் அப்படி என்ன இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். ஊசியை நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள்: "கட்டிக்கிட்ட அப்பறந்தான் ஆளு யாருன்னே நமக்குத் தெரிஞ்சுது. இவ பாரு, ஆசையும் படறா, சந்தேகமும் படறா. ரெண்டுக்கும் இவளுக்கு நேரங் கெடைக்குது." கொலை, பங்களா எல்லாம் மறந்துபோன பிறகும் அந்தப் பேச்சு எனக்கு மறக்கவில்லை.

இந்த நாவலில் பங்களாக்காரனின் முதல் மனைவி படியில் விழுந்து செத்திருக்கிறாள். அங்கே வேலைக்கு வந்த நர்ஸ் அவனை விரும்புகிறாள். அவன்தான் கொன்றான் என்று நான் அடித்துச் சொன்னேன்.

"மாட்டான்டி. செத்தவ வெச்ச ரோசாச் செடிக்கு அவந்தானே தண்ணி ஊத்தறான்?"

"கொன்னவன்தான்க்கா ஊத்துவான்."

"உனக்கு ஒருத்தனும் ஆவாது, போ!"

பாதியில் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மீதியைக் கட்டிலருகே உட்கார்ந்து வாசித்தேன். தையல் வரை வந்தோம். நீங்கள் என் கைப்பையைப் பார்த்தீர்கள்.

"கத்திரி இருக்குதா? முழுக்கப் படிக்க வேணாம் புள்ள. அவன் நல்லவனான்னு மட்டும் பாத்துச் சொல்லு."

"ரூல் போட்டதே நீங்கதான். கடைக்கு வந்து கேளுங்க" என்று சிரித்தேன். பையில் கத்திரி இருந்தது, அக்கா. வெட்டினால் நீங்கள் கடைக்குத் திரும்ப மாட்டீர்கள் என்பதை நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அவன்தான் கொலைகாரன் என்று வந்துவிட்டால் உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றும் பயந்தேன். மூன்றாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

அதிலிருந்து யார் எது கேட்டாலும் நாளைக்கு என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அவசரமாக ஜாக்கெட் கேட்டு வருகிறவர்களுக்கு அது நல்லதாகப் போயிற்று. உங்களுக்கு மட்டும்தான் பதில் சொல்லாமல் வைத்திருந்தேன்.

இன்று தையலைப் பிரித்தேன். உங்கள் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்து, மதியம் வாசிக்கிற மாதிரியே சத்தமாக வாசித்தேன். அழுகையில் இரண்டு இடத்தில் வாசிப்பு நின்றது.

கொன்றது அந்த வீட்டு டாக்டர். ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றினவன் நல்லவன்தான், அக்கா.