பதில் அனுப்பாத பத்துப் பேர்

அன்பு மனைவிக்கு,

நம் மருந்தாளுநர் சங்கத்தில் என் தலைவர் பதவிக்காலத்தை நீட்டிப்பது பற்றி உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டோம். பதில் அனுப்பாதவர்கள் சம்மதித்ததாகக் கொள்ளப்படும் என்ற விதியை எழுதியதே நான்தான். அதனால்தான் இறந்துபோன பதினோரு பேரைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. அதில் நீயும் ஒருத்தி. திட்டாதே.

மற்ற பத்துப் பேர் வாயே திறக்கவில்லை. நம் வீட்டு அலமாரியில் உறை பிரிக்காமல் நான் பூட்டி வைத்த உன் படிவம் மட்டும் இன்று காலைத் தபாலில் சங்கத்துக்கு வந்தது. 'சம்மதம் இல்லை' என்ற கட்டத்தில் உன் சாய்ந்த டிக். கீழே உன் கையெழுத்தில், "ஆடினது போதும், வீட்டுக்கு வாங்க."

டைப்பிஸ்ட் அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இதையும் எண்ணலாமா?"

செல்லாது என்றால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் அந்தப் பத்துப் பேரும் வெளியே வந்துவிடுவார்கள். "எண்ணுங்க" என்றேன்.

ஒரே ஓட்டில் தோற்றேன்.

நாளை பொறுப்பை ஒப்படைத்துவிட்டு நேரே வந்துவிடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நேற்று மாதிரி, நான் வருவதற்குள் கதவைத் திறந்து வைக்காதே. சாவி என்னிடம் இருக்கிறது.

உன் வீட்டுக்காரன்