அந்த ஒரு ‘விடு’

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீ உன் தோள்பட்டையின் சுகத்தை முதலில் எழுது, மற்ற சுகமெல்லாம் அதற்கப்புறம். அப்பாவுக்குப் பகல் ஷிஃப்ட் கிடைத்துவிட்டது, பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டுப் பொழுதோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார். உன் அறை ஜன்னலின் கொக்கி உடைந்து, காற்றடித்தால் படார் படார் என்று அடிக்கிறது. அப்பா உன் பழைய கோல்கீப்பர் கிளவுஸ் ஒன்றை இடையில் செருகி வைத்திருக்கிறார், “பாரு, இன்னும் தடுத்துக்கிட்டுதான் இருக்கு” என்று அவருக்கு ஒரே சிரிப்பு. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் உனக்கும் எனக்கும் ஒரே குரல், ஒருமுறை அப்பாவே நான் என்று நினைத்து “சாவிய எங்கடி வெச்ச” என்று உன்னைத் திட்டித் தீர்த்தாரே. அந்தக் குரலில் இதைச் சொல்ல எனக்கு வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், உன்னிடம் ஃபுட்பால் பயிற்சிக்கு வரும் சின்னப் பெண்களில் கீப்பரும் டிஃபெண்டரும் ஒரே பந்துக்கு ஓடி மண்டையோடு மண்டை முட்டிக்கொண்டார்கள், கீப்பருக்குப் புருவத்தில் நாலு தையல் என்று. இரண்டு பேரில் ஒருத்திகூடவா வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். “நான் கத்தவே சொல்லித் தர்றதில்லம்மா, கைய நம்புங்கடி, வாய நம்பாதீங்கன்னுதான் சொல்லுவேன்” என்றாய். பெரிய கோச் உன்னிடம் “என்னம்மா, உன் கீப்பருங்க எல்லாம் மௌன விரதமா” என்று கேட்கிறாராம், இப்படியே போனால் அடுத்த மாதம் கோச் தேர்வில் நீ பெயில்தான் என்கிறாராம். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். போனை வைத்த பிறகு பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைகிற வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

நீ உன் வாயை நம்பாமல் போனது எந்த நாளிலிருந்து என்று எனக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால், பெரிய அணிக்கு ஆள் எடுக்க நடந்த அந்தத் தேர்வு ஆட்டம். உங்கள் அணியில் ‘விடு’ என்பது கீப்பரின் கட்டளை, பந்தைத் தொடாதே, நான் எடுக்கிறேன் என்று அர்த்தம், கேட்ட மாத்திரத்தில் டிஃபெண்டர் காலை எடுத்துக்கொள்ள வேண்டும். நம் வீட்டு ‘விடு’ வேறு. தட்டு உடைந்தால் விடு, மார்க் குறைந்தால் விடு, போனால் போகிறது என்று நான் சொல்கிற விடு. அன்றைக்குக் கடைசி ஐந்து நிமிடம், யாருக்கும் கோல் இல்லை. பந்து உன்னை நோக்கி உருண்டு வருகிறது, உங்கள் டிஃபெண்டர், உன் தோழி ஒட்டடைக்குச்சி, அந்த நெடுங்காலை வீசிக்கொண்டு அதைத் துரத்துகிறாள், எதிரணிப் பெண் ஒருத்தி முரட்டுத்தனமாகப் பின்னால் வருகிறாள். நான் கோல் போஸ்டுக்குப் பின்னால் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏற்கெனவே ஒருமுறை கழன்று ஏறிய தோள்பட்டை உனக்கு. நீ எங்கே போய் அந்தக் கால்களுக்கு நடுவில் விழுந்துவிடுவாயோ என்று என்னையறியாமல் “விடு” என்று கத்திவிட்டேன். நான் கத்தியது உனக்கு, கேட்டு நின்றது ஒட்டடைக்குச்சி. உன் குரல் என்று நினைத்து அவள் பந்தை விட்டுவிட்டாள், அவள் அடித்துவிடுவாள் என்று நீ நின்றாய், பந்து கோலுக்குள் போய்விட்டது.

தேர்வாளர் உன்னைப் பற்றி ஒரே வரிதான் எழுதினார், குரல் கொடுத்துவிட்டுப் பந்துக்கு வராத கீப்பர் என்று. நான் கத்தவேயில்லை என்று நீ அழுதாய், என் காதால கேட்டேன் என்று அவள் சத்தியம் செய்தாள். ஒரு வாரத்தில் நீயே “கத்திட்டேன் போலிருக்கும்மா, எனக்கே தெரியல” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அன்று நாங்கள் இருவர் மட்டும் பைக்கில் வீடு திரும்பும் வழியிலேயே, வேலியோரம் என் பக்கத்தில் நின்றிருந்த அப்பா “நீதான் கத்தினேன்னு அவகிட்ட சொல்லிடு” என்றார், “ரோட்டப் பாத்து ஓட்டுங்க” என்று அடக்கிவிட்டேன். நீ என்னை வெறுத்துவிடுவாய் என்ற பயம் ஒன்று. அதைவிட அசிங்கமான ஒன்றும் உண்டு. இனி நீ விழ வேண்டாம் என்று மனதின் ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தது. விழாமலா இருந்தாய்? இரண்டு வருடம் வேறொரு கிளப்பில் பெஞ்சில் உட்கார்ந்து, கிடைத்த நாலு ஆட்டத்தில் தோளையும் போக்கிக்கொண்டாய். கீப்பருக்கு முப்பதுக்கு மேல்தான் ஆட்டமே கனியும் என்பாய், இருபத்து மூன்றில் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறாய். நான் வேலை பார்க்கும் லேபில் ஒருவர் ரத்தத்தில் இன்னொருவர் பெயரை ஒட்டிவிட்டால் அந்த நிமிடமே ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன். என் குரலில் உன் பெயரை ஒட்டி மூன்று வருடம் வைத்திருந்தேன்.

போன வாரம் ஒட்டடைக்குச்சி லேபுக்கு வந்தாள், இப்போது ஐந்து மாதம் அவளுக்கு. திரைக்கு உள்ளேயிருந்து டோக்கன் எண்ணைக் கூப்பிட்டேன், “ஆன்ட்டி, அவ வந்திருக்காளா” என்று ஓடி வந்தாள். நரம்பு தவறி ஊசியை இரண்டாம் முறை குத்த வேண்டியதாயிற்று. அவளிடம் சொல்லவில்லை, முதலில் கேட்க வேண்டியவள் நீ.

அன்றைக்கு நீ கத்தவில்லை. உன் வாயும் பொய் சொல்லவில்லை, உன் ஞாபகமும் பொய் சொல்லவில்லை. அந்தத் தையல் போட்ட பெண் திரும்பி வந்ததும் முதல் வேலையாக அவளைத் தொண்டை கிழியக் கத்தச் சொல். விடு என்ற சொல் மட்டும் வேண்டாம், அது ஆளுக்கு ஆள் அர்த்தம் மாறும், ‘என் பந்து’ என்று சொல்லட்டும். வேலியோரம் நிற்கும் அம்மாக்களைப் பத்தடி தள்ளி நிறுத்து.

தேர்வில் தேறி, பிள்ளைகளைத் தேற்றி, நீ நன்றாக இருக்க வேண்டும். தோளுக்கு ஒத்தடம் கொடுப்பதை விட்டுவிடாதே. படித்து முடித்ததும் போன் செய், ஆசை தீரத் திட்டு. என் குரலிலேயே நான் திட்டு வாங்குவது போலத்தான் இருக்கும், எனக்கு அது வேண்டியதுதான். “சரி விடும்மா” என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன்
அம்மா